கம்பி குத்திய இடத்தில் புகை

பத்தொன்பது நாள் நான் ஒரு குப்பை வண்டிக்காரரை வேவு பார்த்தேன். யாரும் அந்த வேலையை எனக்குக் கொடுக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஈரத்துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போவேன். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குந்தியபடி, கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் மணி பார்த்துக் குறிப்பெழுதுவேன். அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் குமாஸ்தா. இரண்டு மொழியில் பத்திரம் எழுதத் தெரியும், மூன்றாவது மொழியில் மனு எழுதத் தெரியும். படித்தவன் என்று தெருவில் ஒரு பெயர் இருந்தது. நடந்த கேட்டுக்கெல்லாம் அந்தப் பெயர்தான் ஆரம்பம்.

ஊர்ப் பெயர் வேண்டாம். சித்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிற்குமே, அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. ஆந்திர ராஜ்யம் தனியாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. எந்தக் கிராமம் எந்தப் பக்கம் போகும் என்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் பாதி வீடு தமிழ், பாதி வீடு தெலுங்கு. அதுவரை அது யாருக்கும் ஞாபகத்திலேயே இல்லை. எல்லைப் பேச்சு வந்த பிறகு, எதிர்வீட்டுக்காரர் கோலப்பொடி வாங்கினால்கூட அதில் ஒரு ராஜ்யத்தின் கை இருக்கிறதோ என்று தோன்ற ஆரம்பித்தது.

அந்த மாசி மாதம்தான் புகை வந்தது.

தெருக்கோடியில் ஓடைக்கு அப்பால் பஞ்சாயத்து போர்டின் குப்பைமேடு. ஊர்க் குப்பை, ஓட்டல் எச்சில் இலை, லாரி ஷெட்டின் கிழிந்த டயர், நெசவுக்காரர்களின் சாயம் தோய்ந்த நூல் கழிவு, செருப்புக்காரர் வெட்டிப் போட்ட தோல் துண்டு எல்லாம் அங்கே போய்ச் சேரும். ஒருநாள் விடியற்காலை பனியோடு பனியாக ஒரு கறுப்பு நாற்றம் தெருவுக்குள் வந்து உட்கார்ந்தது. பனி ஏழரை மணிக்கு எழுந்து போய்விட்டது. நாற்றம் போகவில்லை. எரிந்த ரப்பரும் காறல் எண்ணெயும் சேர்ந்த வாசனை அது. சோற்றில் இருந்தது, மோரில் இருந்தது, துவைத்து உலர்த்திய வேட்டியில் மடிப்புக்கு மடிப்பு இருந்தது. குழந்தைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதன. என் மனைவிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவள் ஒரு வாக்கியம் பேசினால் நடுவில் மூன்று முறை இருமுவாள். என்னைப் பற்றிய வாக்கியமாக இருந்தால் மட்டும் இருமாமல் முடித்துவிடுவாள். கம்பவுண்டர் எல்லோருக்கும் ஒரே சிவப்பு மருந்தைக் கொடுத்தார். திருப்பதி போகிற பஸ்களில் யாத்ரீகர்கள் எங்கள் ஊர் வந்ததும் படுதாவை இறக்கிவிட்டு கோவிந்தா போட்டார்கள்.

குப்பைமேடு எரிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். யார் எரிக்கிறார்கள் என்ற கேள்வி வந்தது.

தமிழ் வீடுகளின் தீர்ப்பு, நம்மை ஊரை விட்டு விரட்டத்தான் இந்தப் புகை என்பது. நாலு குடும்பம் வேலூர்ப் பக்கம் போய்விட்டால் தலை எண்ணும்போது அவர்கள் கை ஓங்கும் அல்லவா? தெலுங்கு வீடுகளின் தீர்ப்பு, போர்டுக்கு நிர்வாகம் தெரியவில்லை, எங்களை மெட்ராசோடு சேருங்கள் என்று கேட்கத் தமிழர்களே வைத்த தீ என்பது. நான் நடுநிலைவாதி. இரண்டையும் நம்பினேன்.

என் பக்கத்து வீட்டுக்காரர் வேர்க்கடலை எண்ணெய் மில்லில் மானேஜர். தெலுங்குக்காரர். பேப்பரை நான் வாங்குவேன், அவர் முதலில் படிப்பார். எங்கள் நட்பு அப்படிப்பட்டது. ஒரு நாள் மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"சூடண்டி சார், இதுல ஏதோ மர்மம் உந்தி, இருக்கு. தீ தானா வராது. வெச்சாதான் வரும். மீரு மாடியிலேர்ந்து கொஞ்சம் கவனிங்க. உங்க கண்ணு வேற, எங்க கண்ணு வேற."

என் கண்ணுக்கு மூன்று வருஷமாகக் கண்ணாடி மாற்றவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. புகழ்ச்சியை மறுத்துப் பழக்கம் கிடையாது.

கவனித்த முதல் நாளே துப்பு கிடைத்துவிட்டது. காலை ஆறரைக்குப் போர்டின் ஒற்றை மாட்டு வண்டி குப்பைமேட்டுக்கு வந்தது. வண்டிக்காரர் இறங்கினார். கையில் நீளமாக ஒரு கம்பி. மேட்டில் ஏறி, இங்கே ஒரு குத்து, அங்கே ஒரு குத்து. குத்திய இடத்தில் கம்பியை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் குந்தினார். கம்பியை உருவினார். உருவிய இடத்திலிருந்து பொசுக்கென்று புகை கிளம்பியது. மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். அவர் வருவதற்கு முன் மேடு சும்மா இருப்பதுபோல் தெரியும். அவர் வந்து குத்தியதும் புகையும். கம்பி நுனியில் எண்ணெய்த் துணி சுற்றியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். துணி தெரியவில்லைதான். மறைத்து வைக்கிற விஷயம் எப்படித் தெரியும்?

நோட்டில் கட்டம் போட்டேன். கிழமை, வண்டி வந்த நேரம், காற்றின் திசை, புகை கிளம்பிய நேரம், குறிப்பு. குறிப்பு என்ற கட்டத்தில் தினமும் ஒரே வாசகம்: "சந்தேகத்துக்கு இடமளிக்கிறது."

அவர் யார் பக்கம் என்பதுதான் புரியவில்லை. வெதுருகுப்பம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். என் வயதுதான் இருக்கும். எங்களிடம் தமிழில் பேசுவார், மாட்டிடம் தெலுங்கில் பேசுவார். தெருவில் இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. மனசுக்குள் இருப்பதை மனுஷன் மாட்டிடம்தான் சொல்வான், ஆகவே அவர் தெலுங்கர் என்றது தமிழ்க் கட்சி. அதட்டுவதற்கு மட்டும் எங்கள் பாஷையா, ஆகவே தமிழர்தான் என்றது தெலுங்குக் கட்சி.

பதினோராம் நாள் மானேஜர் நல்ல வழவழப்பான தாள் கொண்டு வந்து கொடுத்தார். நான் ஆங்கிலத்தில் ஏழு பத்தி மனு எழுதினேன். லத்தீன் வார்த்தை ஒன்றும் போட்டேன். அதன் அர்த்தம் போர்டு ஆபீசருக்குத் தெரிந்திருக்காது, எனக்கும் அரைகுறைதான். தாளின் இடது பக்கம் தமிழ் வீடுகள் கையெழுத்திட்டன, வலது பக்கம் தெலுங்கு வீடுகள். எல்லைப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து எங்கள் தெரு ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். ஒரு வண்டிக்காரர் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபமாக ஊரைச் சேர்த்து வைக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் ஆங்கிலம்தான் சேர்த்து வைத்தது என்று நினைத்தேன்.

நாலு நாளில் பலன் தெரிந்தது. வண்டிக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும், வேலையோடு போர்டு கொடுத்திருந்த குடிசையும் போகும். என் நோட்டுப் புத்தகம்தான் முதல் சாட்சி.

"அவரு பொண்டாட்டி வந்திருந்தா," என்றாள் என் மனைவி.

"யாரு பொண்டாட்டி?"

"வண்டிக்காரரு பொண்டாட்டிதான். கொல்லப்பக்கம் நின்னுக்கினு, 'ஐயா எழுதினாங்களாமே, இன்னா எழுதினாங்கன்னு கேட்டுச் சொல்லுங்கம்மா, ஊட்டக் காலி பண்ணணும்னா புள்ளைங்கள எங்கம்மா ஊட்ல வுட்டுட்டு வரணும்'னு கேட்டா. நா இன்னா சொல்றது? இங்கிலீஷ்ல எழுதிக்கிறாரு, எனக்கே புரியலன்னு சொன்னேன்."

இருமாமல் சொல்லி முடித்தாள்.

ஒரு விஷயம் என்னை உறுத்தியிருக்க வேண்டும். வண்டிக்காரரை நிறுத்திய பிறகும் புகை நிற்கவில்லை. கூடத்தான் செய்தது. போர்டுக்காரர்கள் டிரம் டிரம்மாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஊற்றியதும் வெள்ளையாக ஒரு ஆவி கிளம்பி, முன்பு இரண்டு தெருவுக்கு வந்த நாற்றத்தை நாலு தெருவுக்கு எடுத்துக்கொண்டு போயிற்று. சாதாரண மூளை இதைக் கண்டால் யோசிக்கும். என் மூளை நோட்டில் எழுதியது: "கூட்டாளி உண்டு."

விசாரணைக்கு முந்தின நாள், அதாவது பத்தொன்பதாம் நாள், கூட்டாளியையும் தடயத்தையும் பிடிக்க நானே குப்பைமேட்டுக்குப் போனேன். தடயம் போட்டு வைக்கக் காலியான பற்பொடி டப்பா ஒன்று. மேட்டின் அடிவாரத்திலேயே மூன்று தீக்குச்சி கிடைத்தது. ஊர்க் குப்பை முழுவதும் கொட்டுகிற இடத்தில் மூன்று தீக்குச்சி மட்டும் கிடைத்ததே ஆச்சரியம் என்று இப்போது படுகிறது. அன்று டப்பாவை இறுக்கி மூடி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மேலே போர்டு வண்டி நின்றது. ஓட்டுவது யாரோ புது ஆள். ஆனால் மாட்டுக்கு முன்னால் கம்பியோடு நடந்து போவது நம்மவர். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட மனிதருக்கு அங்கே என்ன வேலை? மடக்கிவிட்டேன் என்று ஏறினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"சாமி, அந்தப் பக்கம் வராதீங்க. அங்க காலு வெக்காதீங்க, சாமி. வாணாம்."

அங்கே என்ன மறைத்து வைத்திருக்கிறார்? நான் சரியாக அந்த இடத்தில் காலை வைத்தேன்.

பார்வைக்குக் கெட்டியான மண். கால் பட்டதும் அப்பள ஓடு மாதிரி உடைந்து உள்ளே போயிற்று. கணுக்காலுக்கு மேல் வரை இறங்கியது. உள்ளே இருந்தது சாம்பல் இல்லை, தணல். நான் போட்ட சத்தத்தில் மொழி எதுவும் இல்லை, இரண்டு கட்சியுமே உரிமை கொண்டாடியிருக்க முடியாது. வண்டிக்காரர் அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கி, நாலு அடி இழுத்துப் போய், மாட்டுக்கு வைத்திருந்த தண்ணீர் வாளிக்குள் என் காலை முக்கினார். செருப்பு உள்ளேயே போய்விட்டது. மாடு தன் வாளியில் என் காலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சொல்லச் சொல்ல வெக்கிறீங்களே, சாமி," என்றார். கோபமாக இல்லை, ஆச்சரியமாக.

"உன்னை வேலையிலிருந்து நிறுத்தியாச்சே. இங்கே என்ன பண்றே?" தணலில் கால் வெந்த நிலையிலும் விசாரணையை நான் விடவில்லை.

"புது ஆளுக்கு எடம் தெரியாது. நேத்து வண்டிய நேரா ஓட்டிக்கினு போய் மாட்டுக் கொளம்ப சுட்டுக்கினு வந்துட்டான். அது வாயில்லாதது. அதான் முன்னால குத்திக்கினு போறேன்."

அப்புறம் எனக்குக் கம்பியைக் காட்டினார். நுனியில் எண்ணெய்த் துணி இல்லை, ஒன்றுமில்லை. வெறும் இரும்பு. ஒரு இடத்தில் குத்தினார். நூறு எண்ணினார். உருவி, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒற்றிப் பார்த்தார். "இங்க போலாம்." இன்னொரு இடத்தில் குத்தினார், எண்ணினார், உருவினார். கம்பி வெளியே வந்ததும் ஓட்டையிலிருந்து பொசுக்கென்று புகை. "இங்க போவக் கூடாது."

"நீ குத்தினதும் புகை வருதே?"

"மூடின சட்டியத் தொறந்தா ஆவி வராதா, சாமி? மூடியத் தொறந்தவனா அடுப்பப் பத்த வெச்சான்?"

பதினெட்டு நாள் கட்டம் போட்டு எழுதியதை அவர் ஒரு சட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"அப்போ யாரு பத்த வெச்சது?"

"ஒர்த்தரும் இல்ல. கார்த்திகை மழையில நனஞ்ச கடலைத் தோலு. மில்லுலேர்ந்து லாரி லாரியா கொட்னாங்க. ஈரத் தோலு குமிஞ்சி கெடந்தா உள்ளயே வேவும். வெந்து கருகும். கருகினது ஒருநாள் பத்திக்கும். எங்க ஊர்ல வைக்கப்போரு நனைஞ்சா இந்தக் கம்பியத்தான் குத்திப் பாப்போம். இது கைப்புள்ளக்கிக் கூடத் தெரியும், சாமி. போர்டு ஆபீஸ்ல மூணு தபா சொன்னேன். 'குப்ப அள்ற வேலையப் பாரு'ன்னாங்க."

"தண்ணி ஊத்தினாங்களே?"

"அது இன்னும் கெட்டுது. மண்ணு போட்டு மூச்ச அமுக்கணும். சொன்னா யாரு கேக்கறாங்க."

நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பற்பொடி டப்பாவை ஓடையில் போட்டேன்.

சாயங்காலம் மானேஜர் மருந்து டப்பாவோடு வந்தார். என் காலைப் பார்த்து நாக்கால் உச்சுக் கொட்டினார். நான் கடலைத் தோல் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மில் மானேஜர்களுக்கு அப்படிப்பட்ட முகம் வேண்டும் போலிருக்கிறது.

"தோலு தோலேதானே, சார். அது எப்படி தானா பத்தும்?" என்றார். பிறகு மருந்தின் மூடியைத் திருகிக்கொண்டே, "கேஸ் ஸ்ட்ராங்கா உந்தி. மீரு எழுதினதுதான். இப்போ மாத்திப் பேசினா ஊர்ல ஏதாச்சும் நெனைப்பாங்க. உங்க மரியாதைக்குச் சொல்றேன், அந்தே, அவ்வளவுதான்."

அவருக்கு முதலிலேயே தெரியுமா, இல்லை என்னைப் போலவே தெரியாமல்தான் இருந்தாரா? மனுவுக்குத் தாள் கொண்டுவந்து கொடுத்த கை அது. நட்புக்காகக் கொடுத்த தாளாகவும் இருக்கலாம். இத்தனை வருஷம் கழித்தும் இதில் எனக்கு முடிவு கிடைக்கவில்லை. அந்த மருந்தைக் காலில் போடுவதா வேண்டாமா என்றுகூட அன்று ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில் என் மனைவி போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை போர்டு ஆபீஸ் வராந்தாவில் தெருவே வந்து நின்றது. வண்டிக்காரர் தூணோரம் நின்றார். துவைத்த சட்டை. அவர் மனைவி வெளியே வேப்பமரத்தடியில் ஒரு டிரங்குப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். முடிவு எப்படி வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆபீசர் என் நோட்டைப் புரட்டினார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார். "இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையா?"

"உண்மை, சார்."

"சரி. அப்போ முடிந்தது."

"இல்லை, சார். எழுதினது உண்மை. நான் புரிந்துகொண்டது தப்பு."

என் முதுகுக்குப் பின்னால் தெலுங்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அரவவாடு அரவவாடினி காபாடுதுன்னாடு." தமிழனைத் தமிழன் காப்பாற்றுகிறானாம். தமிழ்ப் பக்கம் சும்மா இருக்குமா? "மில்லுக்காரர் நேத்து மருந்து டப்பாவோட போனாரே, அதுக்குள்ள இன்னா இருந்துதோ," என்றது இன்னொரு குரல். அதில் சோற்றுக் கற்றாழை இருந்தது.

ஆபீசர் என்னைக் கூர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது நாள் நான் வைத்திருந்த பார்வைதான்.

"யார் உங்களை மாற்றிச் சொல்லச் சொன்னது?"

"என் கால், சார்," என்று காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். கடலைத் தோல் என்றதும் மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சொல்லி முடித்து, "நம்ப வேண்டாம், சார். நேராக வந்து கம்பியைப் பிடித்துப் பாருங்கள். இதுவரை அவர் குத்தாத இடமாக நீங்களே காட்டுங்கள்," என்றேன். என் வாழ்க்கையில் யாரிடமும் சந்தேகப்படச் சொல்லிக் கேட்டுக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

ஆபீசருக்கு இஷ்டமில்லை. ஆனால் அவர் மனிதர்களை நம்பாதவர், அது எங்களுக்கு உதவிற்று. எல்லோரும் குப்பைமேட்டுக்குப் போனோம். ஆபீசர் ஒரு மூலையைக் காட்டினார். புதுக் குப்பை மூடி, கோழி மேய்ந்துகொண்டிருந்த சாதுவான மூலை. வண்டிக்காரர் கம்பியைக் குத்தினார். நூறு எண்ணினார். ஆபீசரும் கூடவே எண்ணினார், நடுவில் விட்டுவிடுவாரோ என்று. கம்பி வந்தது, பின்னாலேயே புகையும் வந்தது. "பாத்து, மணிக்கட்டுல லேசா ஒத்தணும், சார்," என்றார் வண்டிக்காரர். ஏமாற்று வேலை எதுவும் இருக்கக்கூடாது என்று ஆபீசர் முழுக் கையாலும் பிடித்துப் பார்த்தார்.

கைக்கு மருந்து போட்டுக்கொண்ட பிறகு தீர்ப்புச் சொன்னார். வண்டிக்காரருக்கு வேலை உண்டு, குடிசையும் உண்டு. ஆனால் விஷயத்தை எழுத்து மூலம் தெரிவிக்காததற்காக ஒரு எச்சரிக்கை. அவருக்கு எழுதத் தெரியாது என்பதை யாரோ சொன்னார்கள். அப்படியானால் அதற்கும் சேர்த்து எச்சரிக்கை என்றார். மில்லுக்கு, இனி ஈரத் தோல் கொட்டக் கூடாது என்று ஒரு கடிதம். வண்டிக்காரர் சொன்னபடியே ஏரி வண்டல் கொண்டுவந்து மேட்டை மூடினார்கள். பங்குனி பாதி போனபின் புகை அடங்கிற்று. என் மனைவியின் இருமல் சித்திரை வரை இருந்தது. பிறகு எல்லைக் கோடும் போட்டார்கள். நாங்கள் ஆந்திரப் பக்கம். மானேஜர் தன் பேப்பரைத் தானே வாங்க ஆரம்பித்தார். தெருவில் இரண்டு கட்சியும் என்னைத் தங்கள் ஆள் இல்லை என்று முடிவு செய்துவிட்டன.

அடங்கிய சில நாளில் வண்டிக்காரரைத் தெருமுனையில் பார்த்தேன். இறங்கி நின்றார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எழுதியது தப்புதான், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொன்னேன். இரண்டு நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

"அதனால இன்னா, சாமி," என்றார். "நெஜத்த நா மூணு தபா சொன்னேன், ஒர்த்தரும் வரல. நீங்க பொய்யா ஒரு தபா எழுதினீங்க, ஆபீசரே வந்து கம்பியப் புடிச்சாரு." மாட்டின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு வண்டியின் பக்கம் திரும்பினார். "சக்கரத்து இரும்புப் பட்டா தேஞ்சி கழண்டுக்கினு வருது. ஒரு வருசமா கேக்கறேன். நாதான் திருடி வித்துட்டேன்னு ஒரு மனு எழுதிப் போடுங்க, சாமி. சீக்கிரம் மாத்திக் குடுப்பாங்க."